சுவரைப் பார்த்த பொட்டு

7

இரும்புக் கதவு மேலிருந்து சுருள் பிரிந்து விழுந்த வேகத்தில் தும்புத்தூள் இடுப்பு உயரத்துக்கு எழும்பியது. பிறகு வெளியே பூட்டு விழும் சத்தம். அது அடங்க, இன்னொரு பூட்டு.

இரண்டு பூட்டு. தவறுதலாக ஒருவரும் இரண்டு பூட்டுப் போடுவதில்லை.

"தயாளினி," என்றான் நிரஞ்சன், அரை இருட்டுக்குள்ளிருந்து. "இதென்ன, உம்மட கம்பனி தாற மத்தியான இடைவேளையோ?"

நான் கதவுக்கு ஓடினேன். இரண்டு கையாலும் அடித்தேன். "நாகேஸ்வரியம்மா! நாங்கள் உள்ளுக்கு நிக்கிறம்! திறவுங்கோ!"

வெளியே செருப்புச் சத்தம் தூரப் போனது. அவசரமில்லாத நடை. நாங்கள் உள்ளே நிற்பது தெரியாதவளின் நடையல்ல அது. ஆலையில் வேலைசெய்து, அதன் சாவியையும் வைத்திருப்பவள். எங்களைக் கூட்டிவந்து, மெசினைக் காட்டி, "தண்ணி பீப்பாயில இருக்கு. பீப்பா ஆடும், கவனம் புள்ள," என்று சொல்லிவிட்டு வெளியே போனவளே அவள்தான்.

"கவனம் சொல்லிப்போட்டே பூட்டினவா," என்றான் நிரஞ்சன். "மரியாதையான மனுசி."

பளையில், தென்னந்தோட்டங்களுக்கு நடுவில், தேங்காய் நார் பிரிக்கும் அந்தத் தும்பு ஆலை. தகரக் கூரை. மூன்று பக்கமும் கல்லுச் சுவர். யன்னலுக்குப் பதிலாக உயரத்தில் கம்பி வலை. மாசி வெயில் கூரையில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. கைத்தொலைபேசிகள் வாசல் அலுவலக மேசையில். மெசினில் அடிபட்ட இராசமலரின் கையை யாரோ படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிய பிறகு முதலாளி பரமேஸ்வரன் போட்ட சட்டம் அது. நிரஞ்சனின் கமராவை மட்டும் விட்டார். காப்புறுதிக்குப் படம் வேண்டுமே.

நான் எந்திரவியல் படித்தவள். எங்கள் வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். படித்து முடித்து வந்தபோது என்னை எடுத்த ஒரே இடம் ஒரு காப்புறுதிக் கம்பனி. எரிந்த கடை, மோதிய லொறி, கவிழ்ந்த படகு, எங்கே எது நடந்தாலும் போய்ப் பார்த்து, யார் பொய் சொல்கிறார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நிரஞ்சன் படம் எடுப்பவன். மற்ற நாட்களில் கலியாண வீடு, சாமத்திய வீடு, திறப்பு விழா. "உம்மோட வந்தால்தான் ஒருத்தரையும் சிரிக்கச் சொல்லத் தேவையில்லை" என்பான்.

இந்த முறை சிரிக்க ஒன்றுமில்லை. போன வாரம், இந்த ஆலையில் தேங்காய்ப் பொச்சுமட்டை நசுக்கும் உருளைகளுக்குள் இராசமலரின் வலது கை போனது. முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, "வேகமாச் சுத்துச்சு, அது வேகமாச் சுத்துச்சு" என்று அவள் சொல்வதைக் காய்ச்சல் பிதற்றல் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

மெசினைச் செய்தவன் வினோதன். பாரதிபுரத்தில் எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி. பொலிஸ் பிடித்து, இப்போது மறியலில், சிறையில் இருக்கிறான். அவன் சங்கிலியைப் பிழையாகப் பூட்டினானாம், அது நழுவியதால் மெசின் நிற்கவில்லையாம். நாளைக்கு வழக்கு. இன்று பின்னேரம் பழைய இரும்பு வாங்குகிறவனின் லொறி வருகிறது. மெசின் கண்ணுக்கு முன்னால் இருந்தால் வேலையாட்கள் வரமாட்டார்களாம், அபசகுனமாம். லொறி ஏற்றிக்கொண்டு போனால் பிறகு வினோதனுக்காகப் பேச இந்த உலகத்தில் ஒரு பொருளும் இல்லை.

வினோதனைத் தெரியும் என்று நான் கம்பனிக்குச் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை.

"கத்தி வேலையில்லை," என்றேன். "ஆர் கேட்கப் போகினம்? தென்னை மரமோ?"

"அப்ப என்ன செய்யிறது?"

"வந்த வேலையைச் செய்யிறது."

"லொறி வரும்மட்டும் உள்ளுக்கு வைச்சிருந்து, ஏத்தேக்க எங்களையும் சேர்த்து நிறுத்துப் போடப்போறாங்கள். நான் வலு மலிவு."

மெசின் சுவரோடு ஒட்டி நின்றது. மேலும் கீழுமாக இரண்டு உருளைகள். ஒரு பக்கம் மட்டையைக் கொடுத்தால் இரண்டும் உள்முகமாகச் சுழன்று இழுத்து, நசுக்கி, மறுபக்கம் தள்ளும். எல்லாவற்றையும் சுற்றுவது ஒரே சங்கிலி. மோட்டரிலிருந்து கிளம்பி, மேல் உருளையின் பற்சில்லைச் சுற்றி, கீழ் உருளையின் பற்சில்லை தன் வெளிப்புறத்தால் உரசி, மோட்டருக்குத் திரும்பும். வெளிப்புறத்தால் உரசுவதால்தான் கீழ் உருளை எதிர்ப்பக்கம் சுழலும். அதை வரைந்து முடித்த அன்று வினோதன் தாளைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தான். கியர்ப்பெட்டி இல்லை, இரண்டாவது மோட்டர் இல்லை, ஒரு சங்கிலி. சின்னப் பிள்ளை பட்டம் காட்டுவது போலக் காட்டினான்.

"எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லும்," என்றான் நிரஞ்சன், டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு. "நான் கலைப்பிரிவு."

"உம்மட சைக்கிளில பெடலில பெரிய பல்லுச்சில்லு, பின் சில்லில சின்னன். ஏன்?"

"வேகத்துக்கு."

"வினோதன் அதை மாறிப் போட்டவன். மோட்டரில சின்னன், உருளையில பெரிசு. மோட்டர் எவ்வளவு துள்ளினாலும் உருளை ஆறுதலாத்தான் சுத்தும். கையைக் குடுத்தாலும் இழுத்தெடுக்கலாம். காலுக்குக் கீழ அந்தச் சட்டத்தை மிதிச்சால் அந்த இடத்திலயே நிக்கும்."

"நிக்கேல்லையே."

"அதுதான் கேள்வி."

சங்கிலியின் மூடியைப் பொலிஸ் கழற்றி வைத்திருந்தது; அவர்கள் கூட்டிவந்த கராஜ்காரன் காட்டிய இடத்தை நானும் பார்த்தேன். சங்கிலியின் இரண்டு நுனியையும் சேர்க்கும் கண்ணியில் ஒரு சின்னத் தகட்டுப் பூட்டு இருக்கும். அதன் மூடிய மூக்கு சங்கிலி ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். வாய் முன்னுக்குப் பார்த்தால் எதிலாவது தட்டுப்பட்டுக் கழன்றுவிடும். வன்னியில் சைக்கிள் ஓடிப் பழகிய எல்லாருக்கும் இது தெரியும்.

இந்தப் பூட்டின் வாய் முன்னுக்குப் பார்த்தது.

"வினோதன் இப்பிடிப் போட மாட்டான்," என்றேன்.

"அதை வழக்கில எப்பிடிச் சொல்லப் போறீர்? 'கனம் நீதவான் அவர்களே, அவன் நல்ல பெடியன்' எண்டோ?"

கோபம் வந்தது. அவன்மேல் இல்லை. அவன் சொன்னது சரி என்பதன்மேல். தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து இங்கே குடியேறிய எங்கள் ஆட்களுக்கு எத்தனை கதவுதான் அடைப்பார்கள்? மெசினுக்குள் கையும் நாங்கள் கொடுக்க வேண்டும், மெசின் செய்த பழியையும் நாங்கள் எடுக்க வேண்டும். காலையில் அலுவலகத்தில் பரமேஸ்வரன் என் ஊரைக் கேட்டார். பாரதிபுரம் என்றேன். "ஆ, அந்தப் பக்கமோ," என்றார். அதுவரை நீட்டிய கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்த மாதிரி இருந்தது அந்தச் சொல்.

"கமராவைத் தாரும்," என்றேன். "இந்த ஆலைத் திறப்பு விழாவுக்கு நீர் எடுத்த படமெல்லாம் அழிச்சுப்போட்டீரோ?"

"அழிக்கிறதோ? அல்பம் இன்னும் அடிக்கேல்ல. முதலாளி ஐயா நல்லா விழுந்த படம் வேணுமெண்டு மூண்டு தரம் திருப்பி அனுப்பிப்போட்டார். படத்தில பிழையில்லை, முகத்திலதான் எண்டு நானும் சொல்லேல்ல."

சின்னத் திரையில் ஆலை வேறு மாதிரித் தெரிந்தது. வாழை, தோரணம், தேங்காய், ஐயர். பட்டு வேட்டியில் பரமேஸ்வரன். மெசின் முழுக்கச் சந்தனமும் குங்குமமும். மோட்டரில், உருளையின் தலையில், கால்சட்டத்தில். அடுத்த படத்தில் அவர் குனிந்து, சங்கிலிக் கண்ணிகளின் முகத்தில் ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

படத்தைப் பார்த்தேன். மெசினைப் பார்த்தேன். திரும்பப் படத்தைப் பார்த்தேன்.

மோட்டரில் பொட்டு இருந்தது. உருளையின் தலையில் இருந்தது. கால்சட்டத்தில், இரத்தம் கழுவின இடத்துக்குப் பக்கத்தில்கூட ஒரு சிவப்பு வட்டம் மங்கலாய் மிஞ்சியிருந்தது. சங்கிலியில் மட்டும் ஒன்றுமில்லை. வெறும் கறுப்புக் கிரீஸ்.

"ஓடின ஓட்டத்தில அழிஞ்சிருக்கும்," என்றான் நிரஞ்சன்.

"பல்லு கண்ணிக்கு நடுவில கடிக்கும். பக்கத்துத் தகட்டைத் தொடாது. அப்பிடி அழிஞ்சாலும் ஒண்டு ரெண்டாவது மிஞ்சும்."

"அப்ப ஆரோ துடைச்சிருக்கினம்."

"துடைச்சால் கிரீசும் போயிருக்குமே. பாரும், அப்பிடியே பழைய கிரீஸ். பொட்டை மட்டும் துடைக்கிற துணி எங்க விக்கிறாங்கள்?"

சங்கிலிக்கும் சுவருக்கும் இடையில் விரல் நுனி போகிற அளவுதான் இடைவெளி. மோட்டரின் கம்பி கழற்றி வைத்திருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன். பிறகு தரையில் படுத்து, கீழிருந்து சுட்டுவிரலை உள்ளே விட்டு, சங்கிலியின் பின்பக்கத்தை வழித்தேன்.

விரல் சிவப்பாய் வந்தது.

மணந்து பார்த்தேன். கிரீசுக்கும் மேலே சந்தனம்.

நிரஞ்சன் டோர்ச்சை என் விரலுக்குக் கிட்டக் கொண்டுவந்தான். "சுவரைப் பார்த்துக்கொண்டு பொட்டு வைச்சிருக்கிறா. கோவிச்சுக்கொண்ட பொம்பிளை மாதிரி இந்தச் சங்கிலி."

"சங்கிலிக்கு முகமும் முதுகும் கிடையாது நிரஞ்சன். எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் ஓடும். கழட்டிப்போட்டுத் திருப்பிப் பூட்டினவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரிஞ்சிருக்காது. பொட்டு வைச்ச பிறகுதான் இதுக்கு முகம் வந்தது. அதை அவன் மறந்துபோனான்."

"அப்ப பூசைக்குப் பிறகு ஆரோ கழட்டியிருக்கினம்."

"ஓம். கழட்டினவன்தான் பூட்டையும் பிழையாப் போட்டவன். வினோதன் பூசைக்கு முதல் நாளே வேலையை முடிச்சுப்போட்டுப் போயிட்டான்."

அந்த ஒரு நிமிடம் கூரை கொஞ்சம் உயர்ந்த மாதிரி இருந்தது. பிறகு திரும்பவும் இறங்கியது. விரல் சிவப்பு ஒரு சாட்சி. ஆனால் ஏன்? புதுச் சங்கிலியை யாராவது சும்மா கழற்றுவார்களா? ஏன் என்று சொல்ல முடியாவிட்டால், எண்ணெய் போடக் கழற்றினோம் என்று ஒரு வாயால் சொல்லிவிட்டுப் போவார்கள். அதோடு சாட்சி பின்னேரம் லொறியில் ஏறும். நாங்கள் உள்ளே.

வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. தும்புத்தூள் தொண்டையில் ஒட்டியது. வந்த இருமல் நிற்கவில்லை.

"தண்ணியைக் குடியும்," என்றான் நிரஞ்சன். "நஞ்சு எண்டால் நான் அரை மணித்தியாலம் பொறுத்துக் குடிக்கிறன்."

மூலையில் நீலப் பிளாஸ்டிக் பீப்பாய். மேலே கழுவிக் கவிழ்த்த இரண்டு கிளாஸ். பக்கத்தில் வாழையிலையில் பொதிந்து நாலு வடை, இன்னும் சூடு ஆறவில்லை.

"பூட்டி வைச்சுப்போட்டு வடையும் வைச்சிருக்கிறா," என்றான். "மறியலில வினோதனுக்கு இப்பிடிக் கிடைக்காது."

நான் கிளாசைப் பீப்பாய்க்குள் விட்டேன். பீப்பாய் ஆடியது. அவள் சொன்னது போலவே, ஒரு பக்கமாய்ச் சரிந்து, தண்ணீர் என் காலில் கொட்டியது.

பீப்பா ஆடும், கவனம் புள்ள.

இந்த ஆலையின் தரை சீமெந்து. மட்டம் பார்த்துப் போட்டது. மெசினுக்காக வினோதன் நின்று போடுவித்தது. மட்டமான தரையில் மட்டமான பீப்பாய் ஏன் ஆட வேண்டும்?

"நிரஞ்சன், இதைச் சரியும்."

"தண்ணியெல்லாம் போயிடுமே!"

"போகட்டும்."

சரித்தோம். பீப்பாய்க்கு அடியில், சாக்குத் துண்டில் சுற்றி, ஒரு பற்சில்லு. கனமானது, சாப்பாட்டுத் தட்டு அகலம். நடுத்துளைக்குள் வேறொரு குழாயைச் செருகி ஒட்டவைத்த வெல்டிங் இன்னும் பளபளத்தது.

நிரஞ்சன் அதைத் தூக்கிப் பார்த்தான். "இது லான்ட்மாஸ்டர் சாமான். என்ர மாமாட்ட நிண்ட லான்ட்மாஸ்டரை நான் அக்கு வேறு ஆணி வேறாக் கழட்டியிருக்கிறன். திரும்பப் பூட்டினதுதான் இல்லை."

லான்ட்மாஸ்டர். வயல் உழவும் நெல் மூட்டை இழுக்கவும் ஓட்டும் இரண்டு சில்லு உழவு மெசின், காலையில் முற்றத்தில் தென்னைமரத்தோடு ஒன்று நின்றது. பக்கப் பெட்டியின் மூடி கழன்று, ஓலையால் மூடி. "அருவி வெட்டுக் காலத்தில ஓய்வெடுக்கிற ஒரே லான்ட்மாஸ்டர், மேலதிகாரி போல" என்று நிரஞ்சன் அதற்கும் ஒரு பகிடி விட்டான். நானும் சிரித்துவிட்டு வந்தேன். முரசுமோட்டையில் பரமேஸ்வரனுக்கு வயல் இருக்கிறது. வெட்டிய நெல் மூட்டை மூட்டையாய்க் களத்தில் கிடக்கும் மாதத்தில், வன்னியில் ஓடக்கூடிய ஒரு லான்ட்மாஸ்டரும் மரத்தடியில் நிற்காது. சிரித்திருக்கக்கூடாது. யோசித்திருக்க வேண்டும்.

சில்லை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். பல்லுக்குப் பல்லு இடுக்கில் கிரீஸ். கிரீசில் பொன்னிறத் தும்பு.

"வயலில ஓடுற சில்லில சேறு இருக்கும்," என்றேன். "தும்பு எப்பிடி வந்தது?"

நிரஞ்சன் பகிடி விடவில்லை. முதல் தரமாக.

"மோட்டரில சின்னச் சில்லைக் கழட்டிப்போட்டு இதைப் போட்டிருக்கிறான். உருளை ரெண்டு மடங்குக்கும் மேல பறந்திருக்கும். நிறைய மட்டை, கெதியா முடியும். சில்லு பெரிசெண்டபடியால் செயின் எட்டாது, துண்டு வைச்சு நீட்டியிருக்கிறான். மிதிச்ச உடன நிக்கிற வேகத்துக்குத்தான் வினோதன் அந்தச் சட்டத்தைக் கணக்குப் போட்டவன். இந்த வேகத்துக்கு இல்லை. இராசமலர் மிதிச்சிருப்பாள். நிண்டிருக்காது."

"வேகமாச் சுத்துச்சு," என்றான் அவன் மெதுவாக.

"அவளை வானில ஏத்திக்கொண்டு போக, பின்னால நிண்டு ஒருத்தன் அவசர அவசரமாப் பழைய சில்லைப் போட்டு, துண்டை எடுத்துப்போட்டு, செயினைத் திருப்பிப் பூட்டியிருக்கிறான். அந்த அவசரத்திலதான் பூட்டின்ர வாய் மாறிப் போனது."

எல்லாவற்றையும் படமெடுத்து, அளந்து, எழுதி முடித்து, கூரையில் வெயில் சாய்ந்த பிறகுதான் லொறியின் சத்தம் கேட்டது.

முற்றத்தில் வந்து நின்றது. கதவுகள் திறந்து மூடின. ஆண்களின் குரல். இரும்புக் கதவை யாரோ உலுக்கினார்கள். நிரஞ்சன் சில்லை எடுத்துத் தன் கமராப் பைக்குள் திணித்தான். பை நிலத்தைத் தொட்டது.

"பிள்ளை!" பரமேஸ்வரனின் குரல். "உள்ளுக்கோ நிக்கிறீர்?"

"ஓம் ஐயா. நீங்கள்தானே பூட்டினீங்கள்."

"எனக்கென்ன விசரே? லொறியைக் கூப்பிட்டுப்போட்டு நான் கதவைப் பூட்டுவனே? நாகேஸ்வரி எங்க? சாவி அவளிட்டத்தான். எங்க போய்த் துலைஞ்சவள்?"

நானும் நிரஞ்சனும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இவர் நடிக்கிறாரா? நடிப்பதென்றால் இவ்வளவு எரிச்சல் வராது.

"பூட்டை வெட்டுங்கோடா," என்றார் யாரிடமோ. வயர் இழுபடும் சத்தம், பிறகு வெட்டும் மெசின் பற்களை நெரிக்கிற மாதிரிக் கத்தத் தொடங்கியது.

நிரஞ்சன் சுவரில் அண்ணாந்து பார்த்தான். அலுவலகத்துக்குப் போகும் வயர் எங்கள் பக்கத்து மெயின் பலகையிலிருந்துதான் கிளம்பியது. சுவிச்சைக் கீழே இழுத்தான். கத்தல் நின்றது.

"அண்ணை, கரண்ட் போயிட்டுது," என்றது வெளிக்குரல்.

"மின்சார சபையின்ர குறைபாடு," என்று கிசுகிசுத்தான் நிரஞ்சன். "நாங்கள் என்ன செய்ய?"

அரத்தால் அறுக்கத் தொடங்கினார்கள். கறக், கறக். அது மெதுவான வேலைதான், ஆனால் முடிந்துபோகும் வேலை. கதவு திறந்தால் நாலு பேர் உள்ளே வருவார்கள், மெசினைத் தூக்குவார்கள். நானும் ஒரு போட்டோக்காரனும் என்ன செய்வோம்? நேரம் வேண்டும். எதற்கு என்று தெரியாவிட்டாலும் வேண்டும். கதவோடு வாயை வைத்தேன்.

"ஐயா! அறிக்கையில கொஞ்சம் குறையுது. லொறி போக முதல் எழுதிப்போடுறன். அறுக்கிறதை நிப்பாட்டச் சொல்லுங்கோ, காது கேக்குதில்லை."

அரம் நின்றது. கையெழுத்து என்றால் எந்த முதலாளிக்கும் காது திறக்கும்.

"கேளும்."

"பூசைக்குப் பிறகு ஒருத்தரும் செயினைக் கழட்டேல்ல எண்டு எழுதவோ?"

"எழுதும். ஒருத்தரும் தொடேல்ல. செயின் மூடிக்குப் பூட்டு. அந்தப் பூட்டின்ர சாவி என்னட்டை மட்டுந்தான். வேறை ஒருத்தரிட்டையும் நான் குடுக்கிறேல்ல."

"பூசையில பொட்டு வைச்சது ஐயரோ?"

"ஐயரோ? நான்! என்ர கையால. ஒவ்வொரு கண்ணிக்கும். உங்கட போட்டோக்காரன் படம் எடுத்தவன்தானே, அவனிட்டைக் கேளும்."

"ஓம் ஐயா, வலு வடிவா விழுந்திருக்கு," என்றான் நிரஞ்சன்.

"எந்தப் பக்கத்தில ஐயா வைச்சீங்கள்?"

"இதென்ன பிள்ளை விசர்க் கேள்வி! முன்பக்கத்திலதான். செயினுக்கும் சுவருக்கும் நடுவில ஆற்ற கை போகும்?"

மூச்சு எடுத்தேன். தூள் நிறைந்த மூச்சு.

"அப்ப ஏன் ஐயா பொட்டெல்லாம் இப்ப சுவரைப் பார்த்துக்கொண்டு நிக்குது?"

வெளியே தென்னோலை அசைந்தது கேட்டது.

பிறகு லொறிக்காரன் ஒருவனின் சிரிப்பு. "அண்ணை, மெசினுக்கு முதுகிலயோ பொட்டு வைச்சனியள்?"

"வாயை மூடடா! வெட்டு, பூட்டை வெட்டு!"

"வெட்ட வேண்டாம்."

புதுக்குரல். பெண் குரல். சத்தம் போடாமலே எல்லாரையும் நிறுத்தும் குரல். "நான் விமலேஸ்வரி. தொழிற்சாலைப் பரிசோதகர். கிளிநொச்சியில இருந்து வாறன். கொஞ்ச நேரமா இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டுதான் நிக்கிறன். செயின் மூடிச் சாவி உங்களிட்டை மட்டுந்தான் எண்டீங்கள், இல்லையோ? அதைத் திருப்பி ஒருக்கால் சொல்லுங்கோ, எழுதுறன்."

பரமேஸ்வரன் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அவருக்கே கேட்டிருக்காது.

"ஐயா, சாவி கெடச்சிருச்சு," என்றது இன்னொரு குரல். சாதுவாக, ஒன்றும் தெரியாத மாதிரி. நாகேஸ்வரி.

இரண்டு பூட்டும் திறந்தன. கதவு சுருண்டு மேலே போனது. வெயில் கண்ணில் அடித்தது. அவள் சேலைத்தலைப்பை முடிந்துகொண்டே என்னைப் பார்த்தாள். கிளிநொச்சிக்குப் பஸ்ஸில் போய், விமலேஸ்வரியின் அலுவலக வாசலில் உட்கார்ந்து, எழும்ப மாட்டேன் என்று அடம்பிடித்து, அவரைத் தன்னோடு கூட்டிவந்தாள் என்று பிறகு அறிந்தேன். அந்தக் களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது.

"நீங்களாவேதான் பூட்டுனீங்களா?" என்றேன். என்னையறியாமல், அவளுக்கும் எனக்கும் பொதுவான வீட்டுத் தமிழ் வந்துவிட்டது.

"நீங்க உள்ள இருக்கிற மட்டும் மெசினு வெளியே போவாதுல்ல," என்றாள். "ராசமலரு என் தம்பி பொண்டாட்டி. வாயைத் தொறந்து சொன்னா வேலை போயிரும், அப்புறம் அவ புள்ளைகளுக்கும் சேத்து ஆரு பாக்குறது? சாவி தொலைஞ்சிருச்சுன்னா ஏச்சு மட்டுந்தான்."

"எங்களிட்டையாவது சொல்லியிருக்கலாமே அம்மா," என்றான் நிரஞ்சன். "நான் செத்தவீட்டுக்கு என்ர படத்தையே தெரிவு செய்யத் தொடங்கிட்டன்."

"சொல்லிட்டுப் பூட்டுனா நீங்க உள்ளாற சிரிச்சிக்கிட்டு இருப்பீங்க தம்பி. பயந்த சத்தந்தானே வெளிய கேக்கணும்." என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினாள். "பீப்பா ஆடுனுச்சா புள்ள?"

நிரஞ்சன் பையைத் திறந்து காட்டினான். அவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, என் தலையில் ஒட்டியிருந்த தும்பை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

மத்தியானம் முழுக்க அந்த மனுசியை நான் மனதுக்குள் திட்டிய திட்டுக்கு அளவில்லை.

மீதியை விமலேஸ்வரி பார்த்துக்கொண்டார். சுவருக்கும் சங்கிலிக்கும் நடுவில் தன் விரலையும் விட்டார், சிவப்பைக் கைக்குட்டையில் துடைத்தார், கைக்குட்டையைப் பையில் மடித்து வைத்தார். சில்லைக் கையில் வாங்கிக்கொண்டு தென்னைமரத்தடிக்குப் போனார். பரமேஸ்வரன் பின்னால் போனார். லான்ட்மாஸ்டரின் ஓலையை விலக்கி, கழன்று கிடந்த பெட்டிக்குள் சில்லு இருந்த இடத்தைக் காட்டி, "இதில இருந்த சில்லு எங்க ஐயா?" என்று விமலேஸ்வரி கேட்டபோது நிரஞ்சன் கமராவை உயர்த்தினான்.

"ஐயா, இந்த முறை படத்தைத் திருப்பி அனுப்பாதையுங்கோ."

லொறி வெறுமனே திரும்பிப் போனது. விமலேஸ்வரி வினோதனின் சட்டத்தரணியோடு தொலைபேசியில் கதைத்துவிட்டு வந்து, "நாளைக்கு வழக்குக்கு நான் வருவன்," என்றார். "மெசின் இங்கையே நிக்கட்டும். கதவைப் பூட்டிச் சாவியை என்னட்டைத் தாங்கோ நாகேஸ்வரி."

"என்ர ஆலை!" என்றார் பரமேஸ்வரன். "என்ர கதவு!"

நாகேஸ்வரி அவரைப் பார்க்கவில்லை. கொக்கிக் கம்பியை எட்டிப் பிடித்து இழுத்தாள். இரும்புக் கதவு சுருள் பிரிந்து விழுந்தது. ஒரு பூட்டு. இன்னொரு பூட்டு.

இந்த முறை நான் வெளியில் நின்றேன். அந்தச் சத்தம் உள்ளே அடைபட்டவர்களுக்குத்தான் பெரிதாய்க் கேட்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன். பரமேஸ்வரனின் முகத்தைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை.